வாழைமரங்களுக்கு நடுவே ஒரு மலர் வளையம்

கொரியரைப் புரிந்துகொண்டவர்கள் ஒசூரில் மிகுந்துவிட்டார்கள். எங்கள் தமிழ் மன்றத்து நண்பர் ஒருவருக்கு அவர்கள் நம் தொல்குடி உறவினர். அவர்களும் அப்பா, அம்மா என்றே அழைக்கிறார்களாம். அந்த இரு சொற்களை மட்டும் சான்றாகக் கொண்டால் உலகில் பாதியை உறவாக்கிவிடலாம் என்றேன். அன்று முதல் அவர் என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. எதிர்வீட்டு அம்மையார் தமிழ்க்குரல் சேர்த்த கொரியத் தொடர்களைப் பார்த்தே அந்நாட்டை முழுதும் அறிந்துவிட்டார்.

நான் அவ்வளவு எளிதாக அறிந்தவனல்லன். கல்லூரியில் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவன். என் பெயர்த்தி தொழிற்பேட்டையில் கொரியர் நடத்தும் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்தபோது, அவள் யாரோடு பழகுகிறாள் என்பதை அறிவது என் கடமை எனக் கருதி நூல்களை வாங்கிப் படித்தேன். அவர்களுடைய எழுத்துகளைக் கூட்டி வாசிக்கவும் பழகினேன். படிக்கப் படிக்க, அறிந்தது குறைவு என்பது மட்டுமே உறுதியாயிற்று. ஆயினும் தெருவில் எவரும் என்னைக் கேட்பதில்லை. கேட்டாலும் விடை முடியும்வரை நிற்பதில்லை.

அவளுடைய மேலாளர் ஒருமுறை எங்கள் இல்லத்திற்கு வந்தார். ஐம்பதைக் கடந்தவர், கொழுத்த உடல், அடக்கமான குரல். அமர்வதற்கு முன்பே என் அகவையைப் பெயர்த்தி வாயிலாகக் கேட்டறிந்தார். அறிந்தபின் நான் அமரும்வரை அவர் அமரவில்லை. குளம்பியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு அசையாதிருந்தார். மூத்தவர் பருகத் தொடங்கும் முன் இளையவர் பருகலாகாது என்பது அவர்கள் வழக்கம். நானோ நன்கு ஆறிய பின்னரே குடிப்பவன். இருவரும் கோப்பையைப் பார்த்தபடி இருந்தோம். குளம்பி பிடிக்கவில்லை போலும் என்று மருமகள் அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு போய் வேறு போட்டு வந்தாள். அவர் சென்றபின் வழக்கத்தை விளக்கினேன். "அப்ப நீங்க ஒரு வாய் குடிச்சிருக்கலாமே மாமா" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

இவ்வாறிருக்கையில் பெயர்த்திக்குத் திருமணம் உறுதியாயிற்று. மணமகன் வீட்டார் கல்லாவியில் நிலபுலமுள்ள வேளாண் குடும்பத்தினர். அந்த வீட்டில் எச்செயலுக்கும் மணமகனின் பெரியப்பா சொல்வதே முடிவு. எழுபதைத் தாண்டியவர், சகுனம் பாராமல் வயலில் கால் வைக்காதவர். பெண் திருமணத்திற்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று அவர் இசைந்ததே பெரிது. அவ்விசைவைப் பெற என் மகன் கல்லாவிக்கு நடையாய் நடந்தான்.

திருமணத்திற்கு முந்தைய நாள் மாலை வரவேற்பு. மண்டப வாயிலில் குலைதள்ளிய வாழைமரங்கள் கட்டப்பட்டிருந்தன. உள்ளே கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒலித்தன. மணமகன் வீட்டார் வந்த வண்டிகள் வாயிலில் நின்றன. ஆரத்தித் தட்டோடு மகளிர் முன்னே செல்ல, அந்நேரம் பார்த்துப் பூக்கடைக்காரரின் ஆட்கள் ஒரு சுமையை இறக்கி, இரு வாழைமரங்களுக்கும் நடுவே நிறுத்திவிட்டுப் போனார்கள்.

ஆளுயர இரும்பு முக்காலி. அதன்மேல் பெரியதொரு மலர் வளையம். நம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் சிவப்பு ரோசாவும் மஞ்சள் செர்பராவும் நெருக்கமாகச் செருகப்பட்டிருந்தன. இரு புறமும் நீண்ட நாடா தொங்கியது; அதில் நிறுவனத்தின் பெயர் பொன்னிறத்தில் மின்னியது.

ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது. பெரியப்பா வண்டியிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்தவர் அதை மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அங்கிருந்த அனைவருள்ளும் நிகழ்ந்தது இன்னதென அறிந்தவன் நான் ஒருவனே. கொரிய நாட்டில் திருமணத்திற்கு இத்தகைய மலர்நிலைகளை அனுப்புவது பெருஞ்சிறப்பு. நாடாவில் உள்ள பெயரைப் படித்து, இக்குடும்பத்தோடு யார் யார் நிற்கிறார்கள் என விருந்தினர் அறிவர். நம்மவர் வாயிலில் உறவினர் முகங்களெல்லாம் அச்சிட்ட பதாகை கட்டுவதும் இதற்காகத்தானே. மேலாளர் நிழற்படத்தைக் காட்டி இதுபோல் செய்க என்றிருக்கிறார். பூக்கடைக்காரருக்கு வட்டமாகத் தெரிந்த மலரெல்லாம் ஒன்றே. சாவு வீட்டுக்குச் செய்கிற சட்டத்திலேயே ரோசாவைச் செருகிவிட்டார். எவர்மீதும் குற்றமில்லை. இதைத்தான் நான் வண்டியருகே சென்று சொல்லத் தொடங்கினேன்.

"வாத்தியாரய்யா, கொரியாவுல என்னா பண்ணுவாங்கன்னு நான் கேக்கல" என்றார் பெரியப்பா. "கல்லாவியில இத எங்க வெப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இது அங்க நிக்கிற வரைக்கும் எங்க பையன் எறங்கமாட்டான். நாளைக்குத் தாலியும் கெடையாது."

உடன்வந்த மற்றொருவர், ஆள் இருக்கும்போதே வளையம் வைத்த வீட்டை இன்றுதான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தார். என் மகன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, விளக்கத்தை நிறுத்துமாறு கெஞ்சினான். அகற்றாவிட்டால் திருமணம் நிற்கும். அகற்றினால், எக்கணமும் வரவிருக்கும் மேலாளர் தம் நிறுவனம் செய்த சிறப்பு புறக்கடையில் கிடப்பதைக் காண்பார். அவர்கீழ்தான் பெயர்த்தி நாள்தோறும் வேலை செய்ய வேண்டும். பூவைப் பிரித்துத் தோரணமாகக் கட்டலாம் என்றேன். எவரும் செவிசாய்க்கவில்லை. சமையற்காரரின் ஆட்கள் வளையத்தைத் தூக்கினார்கள்.

அவர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டு போகும்போது மேலாளரின் மகிழுந்து உள்ளே நுழைந்தது. இதற்குமேல் பொருத்தமான நேரத்தை எவராலும் தேர்ந்திருக்க முடியாது.

அவர் இறங்கி, போகும் வளையத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அவரை நோக்கி நடந்தேன். அதற்குள் பட்டுப்புடவையும் மாலையுமாகப் பெயர்த்தியே வெளியே வந்துவிட்டாள். அவள் ஆங்கிலத்திலும் அரைகுறைக் கொரியத்திலும் சொல்லச் சொல்ல, அவர் முகம் வெளிறிற்று. சாவுக்குரியது என்று அவள் சொன்னது விளங்கியதும் கண்களை மூடித் திறந்தார். புண்பட்டவருள் மூத்தவர் யார் என்று மட்டும் கேட்டார். அவள் வண்டியைக் காட்டினாள்.

அவர் காலணிகளைக் கழற்றினார். வண்டிக்கு எதிரே கால்களைச் சேர்த்து நின்று, இடுப்பிலிருந்து மடங்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பிழை பொறுக்க வேண்டுவோர் அங்கே அவ்வாறு நிற்பர் என்பதை நான் படித்திருக்கிறேன்.

பெரியப்பா படித்தவரல்லர். தம் காலில் விழுகிறார் என்றே கொண்டார். காலில் விழுபவரைக் காக்கவைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்க அவரால் இயலவில்லை. பதறி இறங்கி, ஆரத்தித் தட்டிலிருந்து மஞ்சளரிசியை அள்ளி அவர் தலையில் போட்டு, வழுக்கை உச்சியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"நல்லா இரு சாமி, எந்திரி. எங்க பொண்ணுக்கு மேல இருக்கிறவரு நீ. தெரியாம செஞ்சுட்ட, போவுது."

எங்க பொண்ணு என்றார். அச்சொல்லைக் கேட்டதும் என் மகன் சுவரில் சாய்ந்துகொண்டான். ஆரத்தி சுற்றப்பட்டது, மணமகன் இறங்கினான்.

நான்தான் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த ஆடவரின் தலையைத் தொடுவது கொரியரிடையே சிறுமைப்படுத்துவதாகும். பந்தியில் மேலாளர் என்னருகே அமர்ந்திருந்தார். முடியோரத்தில் இன்னும் அரிசி ஒட்டியிருந்தது. பெயர்த்தியின் தோழி மொழிபெயர்க்க, அவர் தாழ்ந்த குரலில் கூறினார்: இந்த அகவையில் எவரும் என் தலையில் கைவைத்ததில்லை, முதியவர் ஊரறியத் தண்டித்தார், தண்டனை முறையானதே, ஏற்றுக்கொண்டேன்.

தண்டனையன்று, வாழ்த்து என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மேலாளர் காலில் விழவில்லை, பொறுத்தருளக் கேட்டார் என்று பெரியப்பாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. வணக்கம் சொல்லப் பந்திக்கு வந்த பெயர்த்தி என் முகத்தைக் கண்டாள். நான் எதற்கு ஆயத்தமாகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். என் தோளில் கைவைத்துக் குனிந்தாள்.

"தாத்தா, நாளைக்குக் காலையில எனக்குக் கல்யாணம். விட்டுடுங்க."

விட்டேன். அதுவரை எந்தப் பிழையையும் திருத்தாமல் விட்டவனல்லன். பாயசத்தோடு சேர்த்து விழுங்கினேன். மறுநாள் தாலி ஏறிற்று. அவள் இன்றும் அதே தொழிற்சாலைக்குச் செல்கிறாள்.

வைகாசியில் கல்லாவியிலிருந்து மேலாளருக்கென்று ஒரு கூடை மாம்பழம் வந்தது. பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிள்ளைக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று மேலாளர் காலைத் தொடவே இல்லை. நான் அருகிலேயே நின்று பார்த்தேன். கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. மேலாளரோ, முதியவர் தம்மைப் பொறுத்தருளினார் என நெகிழ்ந்து, பதிலுக்கு எதை அனுப்புவது முறை என்று என்னைக் கேட்டுவரும்படி பெயர்த்தியிடம் சொல்லியிருக்கிறார்.

இருவர் வழக்கங்களையும் ஒப்பிட்டு நான் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடி, தொழிற்சாலைப் பேருந்துக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்றாள்.

பூ வேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.