நோகாத கை

"எனக்கொண்டுமில்லை, முதல் இவளைப் பாருங்கோ!" – போன கிழமை செல்வம் அண்ணை இப்படிச் சொன்னபோது நானும் நம்பினேன். பெண்சாதியில் எவ்வளவு கரிசனை என்று மனதுக்குள் மெச்சவும் செய்தேன். என்ன முட்டாள்தனம்!

செல்வம் அண்ணை எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கொடிகாமத்தில் தையற்கடை வைத்திருக்கிறார். பொருளாதாரத் தடையால் பெட்ரோலைக் கண்ணில் காண முடியாத இந்தக் காலத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெட்ரோல் – அதைச் சின்னப் போத்தலால் கார்புரேட்டருக்குள் பீச்சுவார். எல்லோரும் செய்கிற வேலைதானே? அன்று காலை எஞ்சின் நெருப்பைத் திருப்பிக் கக்கியது. போத்தலும், மண்ணெண்ணெய் ஊறிய சட்டைக் கையும் ஒன்றாகப் பற்றிக்கொண்டன.

அவர் மனைவி ராணி அக்கா ஓடிவந்து வெறுங்கையால் அடித்தே அணைத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "ஐயோ, எரியுதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கைச் சனமே கூடிவிட்டது. எண்ணெய் பூசினோம், விசிறினோம், கார் தேடி ஓடினோம். "முதல் இவளைப் பாருங்கோ" என்றுவிட்டு அண்ணை ஒரு பக்கமாக இருந்தார். வலது முன்கை சுற்றிவர வெளிறி, காய்ந்து... ஒரு கொப்புளம்கூட இல்லை.

"நோகுதோ அண்ணை?"

"இல்லையடாப்பா. பின்னேரம் கடை திறக்கலாம்."

சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு அக்காவைத்தான் கொண்டுபோனோம். அண்ணை துணைக்கு வந்தார். "ஆர் இதுக்கு எண்ணெய் பூசினது? கிணத்துத் தண்ணியை வாத்திருக்கலாமே!" என்று எங்களை ஏசிய டொக்டர், தற்செயலாக அண்ணையின் கையைப் பார்த்தார். ஊசியால் மெல்லக் குத்தினார்.

"தெரியுதோ?"

"எங்கை குத்தினனீங்கள்?"

டொக்டரின் முகம் மாறிவிட்டது. "அம்மாவுக்கு நரம்பு உசிரோடை இருக்கு, அதுதான் கத்துறா. உங்களுக்கு நோவைச் சொல்லுற நரம்பே எரிஞ்சு போச்சு. விரலெல்லாம் குளிருது. உடனை யாழ்ப்பாணம் கொண்டுபோங்கோ. பிந்தினால் கையை எடுக்கவேண்டி வரும்."

தையற்காரரின் வலக்கை! சத்தம் போட்டவரிடம் ஓடினோம். சத்தம் போடாதவர் சுகமாக இருக்கிறார் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். வீட்டிலும் ஊரிலும் இதைத்தானே எப்போதும் செய்கிறோம்?

யாழ்ப்பாணத்தில், எரிந்து இறுகி இரத்த ஓட்டத்தை நெரித்த தோலைக் கீறி இளக்கியதில் கை தப்பியது. இனித் தொடைத் தோலை எடுத்து ஒட்டவேண்டுமாம். நேற்றுப் பார்க்கப் போனேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியை ராணி அக்கா பயந்து பயந்து நகத்தால் நுள்ளினார்.

"ஆ... நோகுதப்பா!"

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். மனிசி நுள்ளி, மனிசன் கத்தி, இவ்வளவு சந்தோசப்பட்ட குடும்பத்தை நான் கண்டதேயில்லை!