கொல்லிமலைப் பனியும் தரங்கம்பாடி வெயிலும்

மார்கழிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆட்டையாம்பட்டியிலிருந்து கிளம்பினோம். காரை ஓட்டியது நான். பக்கத்தில் என் வீட்டுக்காரர், மடியில் கேமராப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் முக்காலி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு பிளாஸ்க், வழியில் கொறிக்கக் கை முறுக்கு.

இந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் திட்டம் போட்டோம். மலையில் ஒரு விடியல், கடலில் ஒரு விடியல், இரண்டையும் ஒரே பயணத்தில் படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. மலைப்பாதையில் மண் சரியும். மாசிக்குப் பிறகு புழுதி மூட்டம் தொலைவை மறைத்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்து எழும் என்பதால், கொல்லிமலையின் கிழக்கு விளிம்பில் இருக்கும் ஒரு பாறையிலிருந்து பார்த்தால் பச்சைமலையின் எந்த முகட்டுப் பக்கம் வெளிச்சம் வரும் என்பதைக்கூட செல்போனில் பார்த்து வைத்திருந்தார். மலைக்கும் மலைக்கும் நடுவே தம்மம்பட்டிப் பக்கத்துச் சமவெளி முழுக்கப் பனி தேங்கி நிற்கும். அந்தப் படம்தான் அவருக்கு வேண்டும். பிறகு நாமக்கல், முசிறி, திருச்சி, கும்பகோணம் வழியாகத் தரங்கம்பாடி.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் பிரபு முதலிலிருந்தே வேண்டாம் என்றான். காரணம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருடம் விசைத்தறிச் சத்தத்துக்குள் நின்றவர். இரண்டு காதும் போய்விட்டது. காதுக் கருவி மாட்டினால் ஓரளவு கேட்கும். மாட்டாவிட்டால் முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டார். தறிகளை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தபிறகு, கல்யாண வீடு, கோயில், டீக்கடை என்று ஒவ்வொரு இடமாகப் போவதை நிறுத்திக்கொண்டார். நாலு பேர் பேசும் இடத்தில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பது அவருக்கு அவமானமாக இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்த கேமராதான் அவரைத் திரும்ப வெளியே இழுத்து வந்தது. ஏரிக்கரை, கஞ்சமலை அடிவாரம் என்று தினமும் விடிகாலையில் போய்விடுவார்.

“அம்மா, ஏரிக்கரை வேற, கொல்லிமல வேற. உங்க ரெண்டு பேரத்தவிர வேற யாரும் கூட இல்ல” என்றான் பிரபு.

“நான் இருக்கறேனல்ல சாமி” என்றேன்.

வெண்ணந்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரமான காரவள்ளிக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே சோளக்காட்டுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ஏற்காட்டுக்கு நான் பலமுறை ஓட்டிப் போயிருக்கிறேன். ஆனால் இந்தப் பாதை அதைவிட நெருக்கம். ஒரு வளைவை முடித்து ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிரமம் ஒன்று இருந்தது. கார் இரைச்சலில் அவருக்குக் கருவி சரியாக வேலை செய்யாது. என் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். நானோ பாதையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் அவர் பேசிக்கொண்டே வந்தார், நான் பதில் சொல்லாமலே ஓட்டினேன்.

முப்பதாவது வளைவு தாண்டியிருக்கும். திடீரென்று “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினார்.

என்னவோ ஏதோ என்று பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவர் கிறீச்சென்று ஒதுங்கி, ஓரத்துச் சுவரை உரசிக்கொண்டு நின்றார். எதிரில் ஒரு பஸ் வளைவிலிருந்து மூக்கை நீட்டியது. பஸ் ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“ஏனுங்கம்மா, வளைவுல போயி இப்பிடி நிறுத்துவாங்களா? ஒரு நிமிசத்துல உசுரு போயிருக்கும்!” என்று பைக்கில் வந்தவர் என் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினார். மன்னிப்புக் கேட்டேன்.

காரை மெதுவாக எடுத்து, அகலமான ஓர் இடத்தில் ஒதுக்கி, அவர் பக்கம் திரும்பினேன். “என்னத்துக்குங்க கத்துனீங்க?”

அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. ஹாரனும் இல்லை, பைக்கில் வந்தவரின் திட்டும் இல்லை. கீழே கையைக் காட்டினார். “வெளிச்சம் எப்பிடி விழுது பாரு, மல்லிகா.”

கீழே நாமக்கல் பக்கத்து வயல்களும் கோழிப்பண்ணைக் கூரைகளும் சாய்ந்த வெயிலில் தகதகத்தன. அழகுதான். நான் பார்க்கவில்லை. “இனிமே வண்டி ஓடையில கத்தக்கூடாது” என்று மட்டும் சொன்னேன்.

மலைமேல் உள்ள செம்மேடு என்ற ஊரில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஓர் அறை கிடைத்தது. குளிர் எலும்பில் ஏறியது. நான் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒற்றைக் கார் போகும் அளவுக்கு ஒரு சாலையில் ஆறேழு கிலோமீட்டர் போனோம். சாலை முடியும் இடத்தில் ஒரு ஓட்டு வீடு. வாசலில் வெள்ளையம்மா என்கிற பெண் அடுப்புக்கு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். அவள் வாசலிலேயே காரை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“நிறுத்துங்க. பாறைக்கா போறீங்க? பனி ஏறுற நேரம்மா இது. வெயில் வந்த பொறவு போங்களேன்” என்றாள்.

அதை அவருக்குச் சொன்னேன். “பனி கீழ கெடந்தாத்தான் படம். வெயில் வந்துட்டா என்ன இருக்குது?” என்றார். சொல்வதும் சரிதான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். வானம் தெளிவாக இருந்தது. பாறை அங்கிருந்தே தெரிந்தது. மேட்டில் ஏறி நூறு, நூற்றைம்பது அடி நடந்தால் போதும்.

“நான் முக்காலிய நட்டு வெக்கறேன். நீ மெதுவா வா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காரைத் திருப்பி நிறுத்தினேன். அப்போது பிரபுவின் அழைப்பு வந்தது. அந்த மலையில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம் என்பதால் எடுத்துப் பேசினேன். நல்லா இருக்கோம், அப்பா படம் எடுக்கப் போயிருக்கார் என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், பாறை இல்லை.

மேடும் இல்லை, மரங்களும் இல்லை. கீழே தேங்கிக் கிடந்த பனி முழுவதும் பொங்கி மேலே வந்துவிட்டது. பால் கொதித்து வழிவதுபோல வெள்ளையம்மாவின் வாசல்வரை வந்து, என் கண்ணெதிரிலேயே காரின் முன்பக்கத்தை மூடியது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று நினைத்தேன். டார்ச்சை எடுப்பதற்காகக் கார் கதவைத் திறந்தபோது, அவர் சீட்டின்மேல் சின்ன டப்பி கிடந்தது. காதுக் கருவி வைக்கும் டப்பி. திறந்து பார்த்தேன். இரண்டு கருவிகளும் உள்ளே இருந்தன. காற்றடிக்கும் இடத்தில் அவை காதுக்குள் புயல்போல இரையும் என்று அவர் கழற்றிவிடுவது வழக்கம்.

டப்பியைக் கையில் பிடித்தபடியே ஓட்டுநர் சீட்டுக்கு ஓடினேன்.

ஹாரனை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். பயனில்லை என்று தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை. வெள்ளையம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

“அவருக்குக் காது கேக்காதுங்க. கருவி இங்க இருக்குது” என்றேன்.

அவள் முகம் மாறியது. “பாறைக்கு அந்தப்பக்கம் ஒண்ணுமில்லம்மா” என்றாள், மெதுவாக.

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். என் கால் எங்கே ஊன்றுகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மூன்றடிக்கு அப்பால் சுவரில் மோதியதுபோல நின்றது. “ஏனுங்க! ஏனுங்க!” என்று கத்தினேன். கேட்காது என்று அறிவுக்குத் தெரிகிறது, தொண்டை கேட்கவில்லை. கத்திக்கொண்டே நடந்தேன். ஓர் இடத்தில் வெள்ளையம்மா என்னைப் பின்னால் இழுத்து, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“இதுக்கு மேல வேண்டாம். பாறை எங்க முடியுதுன்னு எனக்கும் தெரியல.”

“அவரு அங்க நிக்கறாருங்க.”

“நீயும் வுழுந்தா யாரு தேடுறது?”

நின்றோம். காற்று நின்று, பனி அசையாமல் இருந்தது. ஒரு சின்னக் கல் எங்கோ உருளும் சத்தம் கேட்டது. அது கல்தானா, அவரா? அந்த நேரத்தில் மனசு என்னென்ன கணக்குப் போட்டது என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் என்னைத் தேடி நடக்க ஆரம்பித்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் வேண்டுதல். நடந்தால் எந்தப் பக்கம் நடப்பார்?

அப்போது எங்களுக்கு இடதுபுறம் பனி ஒரு கணம் பளிச்சென்று வெளுத்து அணைந்தது.

மின்னலோ என்று நினைத்தேன். சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, அதே இடத்தில். “ஃப்ளாஷ்!” என்று கத்தினேன். கேமராவின் தலையில் நிமிர்ந்து நிற்குமே, அந்தச் சின்ன விளக்கு. இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள் என்று எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

பனி வெளுக்கும் திசை பார்த்து நகர்ந்தோம். கடைசிக் கொஞ்ச தூரம் இரண்டு பேரும் தவழ்ந்தே போனோம். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஓர் அடி. பிறகு ஒன்று என் கண்ணில் நேராக அடித்தது.

பாறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முக்காலியைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவை நாங்கள் வந்த பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் பாறை எவ்வளவு தூரம் இருந்தது என்பது வெயில் வந்தபிறகுதான் தெரிந்தது. ஒரு கட்டில் நீளம்.

“நீ கத்திக்கிட்டு இருப்பேன்னு தெரியும் புள்ள” என்றார், காது கேட்காதவர்களின் உரத்த குரலில். “எனக்குத்தான் எந்தப்பக்கமிருந்துன்னு தெரியல. அதான் அசையாம உக்காந்துட்டேன்.”

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். திட்ட நினைத்து வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குரல் முழுக்கப் போயிருந்தது.

வெள்ளையம்மா வீட்டில் மிளகு தட்டிப்போட்ட சுடுதண்ணீர் குடித்தோம். காசு கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள். “மொதல்ல எறங்கிப் போங்க” என்றாள். பனி விலகியதும் எழுபது வளைவுகளையும் இறங்கினோம். கேமரா பைக்குள் போயிருந்தது. காதில் கருவி இருந்தது.

சேந்தமங்கலத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். சர்க்கரை இல்லாமல் ஒரு டீ என்று நான் சொன்னது கடைக்காரருக்குக் கேட்கவில்லை. இரண்டு முறை “என்னங்கம்மா?” என்றார். என் வீட்டுக்காரர் என் வாயைப் பார்த்துவிட்டு, “அவிங்களுக்குச் சக்கரை இல்லாமப் போடுங்க. எனக்குச் சக்கரை போட்டு” என்றார். வெளியிடத்தில் எனக்காக அவர் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “ஊட்டுக்கே போயிரலாம்” என்றார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கூடிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. “பிரபு சொன்னதுதான் சரி. இது எனக்கு ஆவாது. உன்னையும் சேத்து சாகடிக்கப் பாத்தேன்.”

அதே நேரம் பிரபு கூப்பிட்டான். என்னால் பேச முடியாது; அவரால் போனில் கேட்க முடியாது. ஸ்பீக்கரைப் போட்டு, கிசுகிசுப்பாக நடந்ததைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை.

“அம்மா, வண்டியத் திருப்புங்க. நேரா ஊட்டுக்குப் போங்க. நான் கெளம்பி வாரேன்.”

சேந்தமங்கலத்திலிருந்து ஒரு சாலை இராசிபுரம் போகிறது. இன்னொன்று நாமக்கல். முதலாவதில் போனால் ஒரு மணி நேரத்தில் வீடு. போனதும் வாசல் கதவு சாத்திக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும். கேமரா பீரோவின்மேல் ஏறிவிடும். இனி ஏரிக்கரைக்குக்கூடப் போக மாட்டார். மகன் வருவான், நாங்கள் செய்தது தப்பு என்பான், அதற்கும் தலையை ஆட்டுவார்.

இவர் பாறையில் என்ன செய்தார்? ஓடவில்லை, நடக்கவில்லை. ஒன்றும் கேட்காத அந்த வெள்ளைக்குள் தனியாக உட்கார்ந்து, நான் எப்படியும் தேடி வருவேன் என்று நம்பி, எனக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

“பிரபு, நாங்க தரங்கம்பாடி போறோம். திங்கக்கெழம ஊட்டுக்கு வாரோம். வந்து சண்ட போடு சாமி” என்று சொல்லி வைத்தேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேண்டாம் புள்ள” என்றார்.

“போறமுங்க” என்றேன், சத்தமில்லாமல். “ஆனா என் கண்ணுக்குத் தெரியற தூரத்தத் தாண்டக்கூடாது.”

சின்னப் பையன்போலத் தலையாட்டினார்.

அங்கிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியை ஒட்டிய சாலை. திருச்சியில் தங்கி, ஞாயிறு மாலை வெயில் சாய்வதற்குள் தரங்கம்பாடி போய்விட்டோம். விடுதி அறையில் கேமராவை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். திரையில் வெறும் வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. ஃப்ளாஷ் அடிக்க ஒவ்வொரு முறையும் படம் எடுக்கத்தானே வேண்டும்! வரிசையாக வெள்ளைப் படங்கள். கடைசியில் ஒன்று. சாம்பல் நிறத்தில், தலைப்பு சரிந்து, வாயைப் பிளந்துகொண்டு, பாறையில் தவழ்ந்து வரும் ஒரு பெண்.

“அழிச்சிரட்டுமா?” என்றார்.

“வேண்டாம்” என்றேன்.

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

திங்கள் விடியலில் கடற்கரைக்குப் போனோம். கீழ்வானத்தில் மேகம் கட்டியிருந்ததால் சூரியன் தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது ஈரமணல் முழுக்க வெயில் பரவியது. படங்கள் சுமார் என்றார். இரண்டு மூன்று தேறும் என்றும் சொன்னார்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு மலையோ கரடோ கண்ணில் படும். அதை வைத்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். கடலில் அப்படி அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் திரும்ப வேண்டும், வெயில் ஏறுகிறது என்று நான் மணலில் நின்று கைகாட்டினேன். இன்னும் ஒரே ஒரு படம் என்று கைகாட்டிவிட்டு அவர் அலையோரமாக முன்னால் நடந்தார்.

நாலடி நடந்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மறுபடி நாலடி, மறுபடி ஒரு பார்வை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனார்.