கரும்புக்குள் விழுந்த இரண்டு பாட்டில்கள்

எங்கள் ஊரிலிருந்து கடலூர் போகிற சாலையில் புதுச்சேரி எங்கே முடிந்து தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பது வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். பிராந்தி பாட்டில் எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கம் போலீஸ் நின்றால் வண்டியைத் திருப்பி நம் பக்கம் வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் தப்பித்தோம். பாகூர் பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம் இது.

என் அண்ணனும் அதைத்தான் செய்தான். குட்டியானை வண்டியில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு கடலூர் மார்க்கெட்டுக்குப் போனவன், வழியில் கைகாட்டிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். முகம் மட்டும் தெரிந்த ஆள், மடியில் ஒரு பை. எல்லை தாண்டியதும் சோதனை. சீட்டுக்கடியில் கடலூர் நண்பருக்கு வாங்கிய இரண்டு பாட்டில்கள் இருந்தன. வண்டியைத் திருப்பினான். நம் பக்கம் வந்தும் பயம் விடாமல் பாட்டில்களைக் கரும்புத் தோட்டத்துக்குள் வீசினான். இந்த முறை ஜீப் எல்லை தாண்டியும் துரத்தி வந்து மறித்தது. அந்த ஆளின் பையில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் கஞ்சா இருந்தது.

அந்த ஆள் சிறைக்குப் போனார். அண்ணனை விசாரித்து, வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு, மறுபடியும் வரச்சொல்லி நோட்டீஸ் கொடுத்து அனுப்பினார்கள். "கரும்புக்குள்ள இன்னாடா வீசுன?" என்று கேட்டதற்கு "ஒண்ணும் வீசல சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

நான் வில்லியனூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எடை எவ்வளவு, எந்த வரம்புக்குள் வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. போதைப்பொருள் சட்டத்தையும் அப்படியே படித்தேன். கஞ்சா ஒரு கிலோ வரை என்றால் ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல், இருபது கிலோ வரை என்றால் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இருபது கிலோவுக்கும் மேல் என்றால் குறைந்தது பத்தாண்டு, ஜாமீனும் லேசில் கிடைக்காது. மத்தியச் சட்டம், எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அண்ணன் நடு வரியில் நின்றான். பத்தாண்டு.

அம்மாவும் நானும் அவனை ஒரு வக்கீல் அம்மாவிடம் அழைத்துப் போனோம்.

"பை தன்னோடதுன்னு அந்த ஆள் ஒத்துக்கிட்டாரு. ஆனா வண்டி உங்களுது. தெரிஞ்சுதான் ஏத்துனீங்கன்னு கேஸ் வந்தா, தெரியாதுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். தெரியாதவரு எதுக்கு வண்டிய திருப்புனீங்க?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"பாட்டில் வச்சிருந்தான் மேடம்" என்றேன்.

"வாய மூடுடி. அவனுக்குப் பொண்ணு பேசி வச்சிருக்கோம் மேடம். குடிகாரன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?"

"நான் எங்கேம்மா குடிக்கறேன்? அது கூட்டாளிக்கு..."

"ஆமாண்டா, கோயில் அபிஷேகத்துக்கு எடுத்துனு போன."

வக்கீல் அம்மா சிரிக்கவில்லை. "குடிகாரன்னு பேர் வந்தா பொண்ணு வூட்டுல பேசி சரிபண்ணிக்கலாம்மா. கஞ்சா கேஸ்ல உள்ள போயிட்டா, பேசறதுக்குப் பையன் இருக்க மாட்டான்."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கரும்ப வெட்டிட்டாங்களான்னு பாருடி மொதல்ல" என்றாள்.

வெட்டவில்லை. அண்ணன் வக்கீலுடன் போய் உள்ளதைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை, ஆனாலும் ஆட்களுடன் வந்தார். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் அண்ணன் காட்டிய இடத்தில் இரண்டு காவலர்கள் உள்ளே இறங்கினார்கள். காய்ந்த கரும்புச் சோகை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வரப்பில் நின்று, கிடைக்காவிட்டால் அடுத்து என்னென்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

உள்ளிருந்து ஒரு கை பாட்டிலைத் தூக்கிக் காட்டியது. மூடி திறந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு எங்கடா?"

"ரெண்டுதான் சார் வீசுனேன், சத்தியமா."

தோட்டத்துக்காரர் வானத்தைப் பார்த்தபடி, "நடுவுல சோகை உரிக்க ஆளுங்க வந்தாங்க சார்..." என்று இழுத்தார்.

இன்ஸ்பெக்டர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

அதன்பின் கடலூர் நண்பரையும் விசாரித்தார்கள், போன் அழைப்புகளையும் பார்த்தார்கள். அந்த ஆளோடு அண்ணன் போனில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. குற்றப்பத்திரிகையில் அவன் பெயர் சாட்சிகளின் பக்கத்தில் வந்தது. பாட்டிலுக்கு வசவோடு விட்டார்கள். வண்டியும் திரும்பி வந்தது, அழுகிய கத்தரிக்காய் வாடையோடு.

பெண் வீட்டார் வந்த அன்று காபி டம்ளர் கைக்குப் போவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "கஞ்சா கிஞ்சா ஒண்ணும் கெடையாதுங்க. எம்புள்ள வண்டியில வச்சிருந்தது ரெண்டு பிராந்தி பாட்டிலுதான்." பையன் பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வது போன்ற குரல்.

பெண்ணின் அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டார். "கேள்விப்பட்டோம். அந்த இன்னொரு பாட்டிலு கெடைக்கவே இல்லியா?"