அவர் சொல்லாத நோவு

மகள் படிக்கப் போனபின் அவளுடைய அறை சும்மா கிடந்தது. போன வருடம் ஒரு நாள் என் கணவர் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே படுக்கப் போனார். முதுகு நோகிறது, மெத்தை ஒத்துவரவில்லை என்றார். அதே மெத்தையில்தான் லண்டனில் இந்த ஹரோவுக்கு வந்த நாளிலிருந்து படுத்தவர். நான் நம்பவில்லை. ஏனென்று கேட்கவும் இல்லை.

அதன்பின் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். குளியலறைக்குள் போனால் வர நேரமாகும். ஜீன்ஸை விட்டுவிட்டுத் தொளதொளத்த காற்சட்டை போட்டார். ரயிலில் இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வந்தார். போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தார். அலுமாரியில் சொக்ஸ் வைக்கும் லாச்சியை இழுத்தபோது, பார்மசியில் வாங்கிய களிம்பு ஒன்று உள்ளே கிடந்தது. பூஞ்சைத் தொற்றுக்கானது என்று அதில் எழுதியிருந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான். வெளியே ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு அவருக்குச் சோறு போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை குளியலறைக்குள் இருந்து கூப்பிட்டார்.

"இஞ்சேரும், ஒருக்கா வாரும்."

தொட்டியின் விளிம்பில் துவாயோடு இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கழுவேக்கை தோல் பின்னாலை போட்டுது. திரும்பி வருகுதில்லை."

துவாயை விலக்கிக் காட்டினார். முன்தோல் சுருண்டு இறுகி, ஒரு வளையம் போல வீங்கியிருந்தது. நுனி கருஞ்சிவப்பாக இருந்தது. தோலின் ஓரமெல்லாம் பழைய வெடிப்புகள். இது இன்று வந்ததல்ல என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"ஐஸ் வைச்சா இறங்கும். திங்கட்கிழமை எங்கடை டொக்டருக்கு, ஜி.பி.க்கு போன் அடிக்கிறன்," என்றார்.

"திங்கள் வரைக்கும் ஏலாது. வெளிக்கிடுங்கோ."

நான்தான் கார் ஓட்டினேன். சிவப்பு விளக்கொன்றில் நின்றபோது, வெளியே பார்த்தபடி சொன்னார்.

"உமக்கு வேறை மாதிரி யோசினை வந்திருக்கும்."

"வந்தது."

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"ஓம்," என்றேன். விளக்கு பச்சையானதும் காரை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். வயிற்று வலி என்றார் இவர். நான் குனிந்து, வரவேற்பு மேசைக் கண்ணாடியின் துளை வழியாக, உள்ளதைச் சொன்னேன். உடனே உள்ளே எடுத்தார்கள். வந்தது ஓர் இளம் டாக்டர், தமிழ்நாட்டுப் பெண். பெயரைப் பார்த்துத் தமிழில் பேசத் தொடங்கியதும் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஆண் டாக்டர் வேணும்னா சொல்லுங்க சார், கூப்பிடுறேன். நான் தப்பா நினைக்க மாட்டேன்."

மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். பிறகு, "பரவாயில்லை, பாருங்கோ," என்றார்.

மரத்துப்போக வைக்கும் ஜெல் பூசி, வீக்கத்தைக் கைக்குள் வைத்து அழுத்தத் தொடங்கினார் டாக்டர். இவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தோலில் பதிந்தது. வீக்கம் வடிந்து தோல் முன்னால் வந்தபோது இவருடைய சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

"ரத்த ஓட்டம் நின்னிருந்தா அந்தப் பகுதியே செத்துப்போயிருக்கும்," என்றார் டாக்டர். "இதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது. அடிபட்டாலும், யூரின் அடைச்சாலும், விறைப்பு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இறங்காட்டியும் உடனே வந்துடணும். எரிச்சல், புண், கட்டி, புதுசா ஒரு வளைவுன்னா ஜி.பி.கிட்ட காட்டணும். நீங்களா களிம்பு வாங்கிப் போட்டா காரணம் தெரியாமலே போயிடும். தாகம் ஜாஸ்தியா இருக்கா?"

நான் ஓம் என்றேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். இரத்தத்தில் சீனி மிகவும் கூடியிருந்தது. எங்கள் இருவருக்கும் அதுவரை அது தெரியாது. தொற்று விட்டுவிட்டு வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். தோலில் வெள்ளைத் தழும்பு போல ஓரிடம் இருப்பதையும் சொன்னார்.

அப்போதுதான் இவர் வாய் திறந்தார்.

"டொக்டர், இது கான்சரோ?"

எத்தனை மாதமாக அந்தக் கேள்வியோடு மகளின் கட்டிலில் கிடந்திருப்பார் என்று அந்தக் குரலில் விளங்கியது. நான் ஒருத்தியை நினைத்துக் குமுறிக்கொண்டிருந்த அதே நாட்களில், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சாவை நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"பார்த்த அளவுல அப்படித் தெரியல. ஆனா டெஸ்ட் பண்ணாம உறுதியா சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர்.

முன்தோலை எடுக்கும் சத்திரசிகிச்சை கோடையில் நடந்தது. எடுத்த தோலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை இருவரும் டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டு, பார்க்காமல் இருந்தோம். புற்றுநோய் இல்லை. தோலைத் தழும்பாக்கி இறுக்கும் ஒரு தோல் வியாதி. ஆனாலும் இடைக்கிடை காட்ட வேண்டும், மாற்றம் தெரிந்தால் காத்திருக்கக்கூடாது என்றார்கள்.

இப்போது சீனிக்கு மாத்திரை எடுக்கிறார். எங்கள் அறைக்குத் திரும்பி வந்துவிட்டார். மகளிடம் சின்ன ஒப்பரேஷன் என்று மட்டும் சொன்னார். நான் திருத்தவில்லை.

நோகிறதா என்று இப்போது நேராகவே கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்கிறார். அந்த "இல்லை"யை நம்புவதற்கு இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.