பலெர்மோவில் நான்கு அங்குலப் பனிக்கட்டி

திங்கட்கிழமை, பெப்ரவரி 2007, காலை 10.40

விமானம் இத்தாலியின் பலெர்மோவில் தரையைத் தொட்டதும் பயணிகள் கைதட்டினார்கள். பத்திரமாக இறக்குவது விமானியின் கடமை. கடமைக்குக் கைதட்டும் நாட்டில் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது என்று எண்ணிக்கொண்டேன்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பஸ் கட்டணம் ஐந்து யூரோ முப்பது சதம். சீட்டில் திகதியும் நேரமும் சரியாகவே இருந்தன. எனக்குச் சற்று ஏமாற்றம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டை மலைகள். ஐம்பது நிமிடத்தில் நகர நடுவே பொலிதேயாமா சதுக்கத்தில் இறங்கினேன்.

என் மருமகள் யசோ அங்கே நின்றாள். காலமான என் தங்கையின் ஒரே மகள். வயது முப்பத்தாறு. பதினொரு ஆண்டுகளாக இந்த நகரில் வீட்டு வேலை செய்கிறாள்.

"மாமா, மெலிஞ்சு போனியள்."

"விசாப் படிவம் நிரப்பினால் ஆரும் மெலிவினம்," என்றேன்.

அவள் குடியிருப்பது போர்கோ வெக்கியோவில். பொலிதேயாமாவின் கண்ணாடிக் கடைகளைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால், உடுப்புக் காயும் பல்கனிகளுக்குக் கீழே சந்தை. நான்காம் மாடி, எழுபத்திரண்டு படிகள். மின்தூக்கி இருக்கிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். இருந்தது, வேலை செய்கிறதா என்று நான் கேட்டிருக்கவில்லை.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் வினிபெக் நகரிலிருந்து யசோவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெயர் கிருபாகரன், வயது நாற்பத்தொன்று. மூன்று மாதமாக இருவரும் தொலைபேசியில் கதைக்கிறார்கள். புதன்கிழமை அவர் நேரில் வருகிறார். யசோ சம்மதித்தால் வேலையை விட்டுக் கனடாவுக்குப் போவாள். இங்கே அவள் கையில் இருப்பது கார்த்தா எனப்படும் நிரந்தர வதிவிட அட்டை. அதற்காக அவள் பொலிஸ் அலுவலக வரிசையில் நின்ற காலைகள் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தால் அட்டை செல்லாது. கனடாவில் காரியம் பிழைத்தால், திரும்பி வர அவளுக்கு இந்த எழுபத்திரண்டு படியும் இராது.

நான் கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் சேவைப் பதிவேடுகளைச் சரிபார்த்தவன். ஆளைச் சரிபார்க்க என்னைவிடத் தகுதியானவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. குடும்பத்தில் மிஞ்சியிருப்பதும் நான்தான்.

புதன், மாலை 4.15

கிருபாகரன் உயரமானவர், குரல் மெதுவானது. கைப்பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது இனிப்புமல்ல, சேலையுமல்ல. ஒரு தூண்டில். அகப்பையைவிடக் கொஞ்சம் நீளம், இரண்டடி தேறும்.

"உதென்ன, விளையாட்டுச் சாமானோ?" என்றேன்.

"இல்லை ஐயா. ஐஸ் மீன்பிடிக்கிற தூண்டில். ஐஸிலை போட்ட துவாரத்துக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்து பிடிக்கிறது. நீளத் தூண்டில் என்னத்துக்கு?"

எங்கள் ஊரில் மீனுக்கு மேலே ஐஸ் போடுகிறோம். இவர் ஊரில் ஐஸுக்குக் கீழே மீன் இருக்கிறதாம். ஏரி உறைந்ததும் வண்டியில் குடிலை இழுத்துக்கொண்டு போய் நடு ஏரியில் நிறுத்தி, பனியில் துளையிட்டு, அடுப்பு மூட்டி, நாள் முழுக்க இருப்பார்களாம். சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரம் அதுவே பேச்சு. வேலையைப் பற்றி இரண்டு வாக்கியம், மீனைப் பற்றி இருநூறு.

"ஒண்டும் படாமல் வீட்டை போனால் வெள்ளையள் ஸ்கங்க் எண்டு சொல்லுவினம், நாத்தம் பிடிச்ச மிருகத்தின்ரை பேர். நாங்கள் 'இண்டைக்கு மரக்கறி' எண்டு சொல்லுறது."

யசோ சிரித்தாள். "எத்தினை நாள் மரக்கறி சாப்பிட்டியள்?"

"போன வருசம் நான் ஐயர் மாதிரி."

உறைந்த ஏரி இரவில் குமுறுவதை 'ஏரி கதைக்குது' என்பார்களாம். அந்தச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை, பனி தடிக்கிறது என்று பொருள். சத்தமே இல்லாத ஏரிதான் ஆபத்து.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "நல்ல மீன் எந்த மாதம் படும்?"

"பெப்ரவரி, ஐயா."

இப்போது பெப்ரவரி. ஐஸ் மீன்பிடியில் இத்தனை பைத்தியமானவர் அந்த மாதத்தில் எலுமிச்சை காய்க்கும் ஊரில் என்ன செய்கிறார்? படுக்கப் போகுமுன் குறிப்பேட்டில் புதுப் பக்கம் திறந்து, "கிருபாகரன்: சொற்கள்" என்று தலைப்பிட்டேன். பொய் சொல்கிறவன் சம்பவங்களை ஒத்திகை பார்ப்பான். சாதாரணச் சொற்களை ஒத்திகை பார்க்க மறந்துவிடுவான். பழைய பாடம்.

வெள்ளி, காலை 9.00

சந்தையில் மீன் வாங்கப் போனோம். மத்தி கிலோ மூன்று யூரோ. மீன்காரர் பாடுகிறாரா ஏசுகிறாரா என்று நிச்சயமில்லை. தாடையில் ஒற்றை மீசையுள்ள ஒரு மீனைக் கண்டதும் கிருபாகரன் நின்றுவிட்டார்.

"இவன்ரை சொந்தக்காரன் எங்கடை ஏரியிலை இருக்கிறான். வெளியிலை எடுத்தால் பாம்பு மாதிரிக் கையைச் சுத்துவான். ஆனால் ருசி. வினிபெக்கிலை அதுக்குப் பேர் மரியா."

"ஐயோ, நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை பேரும் மரியா," என்றாள் யசோ. "அவவுக்கு முன்னாலை சொல்லிப்போடாதேங்கோ."

நான் சிரிக்கவில்லை. வியாழன் இரவு கோழிக்கறிக்கு நடுவே அதே மீசை மீனை இவர் 'லிங்' என்றிருந்தார். குறிப்பேட்டில் இருக்கிறது.

அன்று பகல் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புதன்கிழமை 'ஷாக்' என்று சொன்ன குடிலை இன்று இரண்டு முறை 'ஹட்' என்றார். பனியில் போடும் துளையை ஒருதரம் 'பொந்து' என்றார், ஒருதரம் 'கிணறு' என்றார்.

"உங்களோடை மீன்பிடிக்கிற தமிழ்ப் பெடியள் எல்லாரும் கிணறு எண்டே சொல்லுறவை?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"இல்லை ஐயா, வினிபெக்கிலை பொந்து. கிணறு வெட்டுறது எண்டு சொல்லுறது ரொறன்ரோப் பக்கத்துப் பெடியள். அங்கை சிம்கோ எண்டு ஒரு ஏரி." சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

வினிபெக்குக்கும் ரொறன்ரோவுக்கும் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். தான் இருப்பது வினிபெக் என்றுதான் எங்களுக்கு எழுதியிருந்தார். ரொறன்ரோ பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு பக்கத்துச் சொல்லும் ஒருவர் வாயில் வந்தால், ஒன்று கேட்டுப் பாடமாக்கியது. வினிபெக்கே பொய்யா? மீன்பிடியே பொய்யா? பனியையே கண்டிராத ஆளா? பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு கீறினேன். இடப்பக்கம் ஷாக், மரியா, பொந்து. வலப்பக்கம் ஹட், லிங், கிணறு. ஒரு சொல் மட்டும் எந்தப் பக்கத்திலும் சேராமல் கோட்டின் மேலே நின்றது: அலவாங்கு. பனியைக் குத்தும் இரும்புக் கம்பிக்கு இரண்டு ஊர்த் தமிழரும் அதைத்தான் சொல்கிறார்களாம்.

ஞாயிறு, காலை 8.20

திங்கட்கிழமை அவர் திரும்புகிறார். அதற்குள் யசோ பதில் சொல்ல வேண்டும். கடற்கரைக்குப் போவோம் என்றாள். மத்திய நிலையத்திலிருந்து பகேரியாவுக்கு ரயிலில் கால் மணி நேரம். பழைய மாளிகைகளின் மதில்களைத் தாண்டி, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று கிலோமீற்றர் சரிவில் நடந்தால் அஸ்பிரா என்ற மீனவர் ஊர்.

அலைதடுப்புக் கல்லில் உட்கார்ந்து கிருபாகரன் தன் அகப்பைத் தூண்டிலைக் கடலில் விட்டார். பக்கத்தில் நான்கு மீற்றர்த் தடியுடன் நின்ற கிழவர் அதைப் பார்த்துவிட்டு யசோவிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"இந்தத் தூண்டிலுக்குரிய பிள்ளை எங்கை எண்டு கேக்கிறார்," என்றாள். முகம் சிவந்தது.

பத்து மணிவரை ஒன்றும் படவில்லை. மரக்கறி நாள். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"தம்பி, நாலு கேள்வி. முதலாவது. குடிலுக்கு உங்கடை ஊரிலை என்ன பேர்?"

"ஷாக், ஐயா."

"அப்ப ஹட் எண்டது எந்த ஊர்?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் மடியிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். கோட்டையும் இரண்டு பக்கச் சொற்களையும் பார்த்தார். தூண்டிலைச் சுற்றத் தொடங்கினார்.

"சிம்கோ. ஏழு வருசம் ரொறன்ரோவிலை இருந்தனான். என்ரை முதல் கலியாணம் அங்கை. மீன்பிடி பழக்கினது அவவின்ரை தமையன்மார். பிரிஞ்சாப் பிறகு வினிபெக்குக்கு வந்தன், நாலு வருசம். ஆக்களை விட்டிட்டு வந்தன் ஐயா. சொல்லுகள் கொஞ்சம் கூடவே வந்திட்டுது."

முதல் கலியாணம்! நான் யசோவின் பக்கம் திரும்பினேன். வெற்றியை மறைக்க முயன்றேன் என்று சொல்ல மாட்டேன்.

"எனக்குத் தெரியும் மாமா," என்றாள் அவள். "முதல் நாள் போனிலையே சொன்னவர். பிரிஞ்ச பத்திரத்தின்ரை பிரதியும் அனுப்பினவர். மா டப்பாவுக்குள்ளை இருக்குது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் ஆளைப் பாக்க மாட்டியள், பத்திரத்தைத்தான் பாப்பியள். ஒரு கிழமை ஆளைப் பாக்கட்டும் எண்டு நான்தான் அவரை மறிச்சு வைச்சனான்."

"அப்ப பெப்ரவரி?" என்றேன். தோற்கும் வக்கீலின் கடைசிச் சாட்சி.

கிருபாகரன் சிரித்தார். "யசோவுக்குச் சிஞ்ஞோரா லீவு குடுத்தது பெப்ரவரியிலை, ஐயா. மீன் அடுத்த வருசமும் இருக்கும்."

குறிப்பேட்டை மூடினேன். முப்பத்துநான்கு ஆண்டுகளில் நான் கண்டுபிடித்த போலிப் பதிவேடுகள் எல்லாமே அழகானவை. ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே இருப்பில் எழுதியவை. உண்மையான பதிவேட்டில் ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் வேறு மை இருக்கும், வேறு கையெழுத்து இருக்கும், ஒரு தேத்தண்ணிக் கறையும் இருக்கும். புதிய எழுதுவினைஞர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். இந்த மனிதரின் வாயில் இரண்டு மை இருந்தது. அதையே குற்றமென்று கோடு கீறி வைத்திருந்தேன்.

"அந்த அலவாங்கு என்னத்துக்கு?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்.

"பனியிலை ஆரும் நம்பி நடக்கிறேல்லை ஐயா. ஒவ்வொரு அடிக்கும் முன்னாலை அலவாங்காலை ஒருக்காக் குத்திப் பாத்துத்தான் காலை வைக்கிறது. நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். கார் ஓட்டுறதெண்டால் ஒரு அடியாவது வேணும்."

"நேற்று நடந்த இடத்திலையுமோ?"

"நேற்று நடந்த இடத்திலைதான் கூடக் கவனம்."

இந்த ஏழு நாளில் நான் கேட்ட முதல் ஒழுங்கான நடைமுறை விதி இதுதான். இப்படி ஒருவர் எங்கள் பிரிவில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செவ்வாய், காலை 7.30

கிருபாகரன் நேற்றே போய்விட்டார். யசோ அவரிடம் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அகப்பைத் தூண்டில் சமையலறை ஆணியில் தொங்கியது. இரவு மா டப்பாப் பத்திரத்தை வாசித்தேன். முத்திரை சரி. மூன்றாம் பக்கத்தில் உண்மையாகவே ஒரு கறை.

கொழும்புக்குத் திரும்ப நான் ஏற வேண்டிய விமான நிலைய பஸ் பொலிதேயாமாவில் நின்றது. கட்டணம் அதே ஐந்து யூரோ முப்பது. கொழும்பில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணத்துக்கு முன்பு நூறு பேர் விசாரிப்பார்கள், பிறகு ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். இங்கே யசோவுக்கு விசாரிக்க நான் ஒருவன்தான். அதனால் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அதில் கனடாவுக்குப் போகும் நாளை எழுத ஒரு வெற்றிடம், அதற்குக் கீழே ஒரு விதி: "அந்த நாளிலிருந்து பதினோராம் மாதம் முடியுமுன் ஒருமுறை ஐரோப்பாவில் கால் வை. கார்த்தா சாகாது. ரிக்கற் நான் எடுப்பேன்."

அவள் வாசித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தாள். பஸ் கதவு மூடுமுன் கேட்டாள்.

"மாமா, அவரை இப்பவாவது நம்புறியளோ?"

"நாலு அங்குலம்," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அது எனக்குக் காணும். நான் நடந்துதான் போறன்."