கம்பத்தைத் தொடாதீங்க!

போன வாரம் ஒரு மின்கம்பத்தைப் பிடுங்கினேன். ஆனைமலைப் பக்கம், ஈஸ்வரி அக்கா தோட்டத்தில். கடப்பாரை இல்லை, ஆள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரே இழுப்பு. கம்பம் போச்சு, கம்பி போச்சு, பக்கத்தில் நின்ற மோட்டார் ரூமும் போச்சு.

ஈஸ்வரி அக்கா என் சிநேகிதி. கணவர் தவறிய பிறகு தென்னந்தோப்பை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். தேங்காயை மட்டும் நம்பினால் ஆகாது என்று தோப்புக்குள் இரண்டு ரூம் கட்டியிருக்கிறார். ஊர் சுற்ற வருகிறவர்கள் தங்குவதற்கு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். வாசலில் மாட்டப் பெரிய போட்டோ ஒன்று கேட்டார். முன்னால் தோப்பு, பின்னால் மலை. நானே போய் எடுத்தேன்.

படம் எப்படி இருந்தது? கேவலமாக இருந்தது. மலை மங்கல், தோப்பு கறுப்பு, மொத்தப் படமும் ஒரு பக்கம் சரிவு... கண்ணால் பார்த்தது ஒன்று, கேமரா கொடுத்தது வேறொன்று. விடுவேனா? சரிவை நிமிர்த்தினேன். மங்கலைக் குறைத்ததும் மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நிழலைக் கொஞ்சம் தூக்கி இருட்டில் வெளிச்சம் ஏற்றினேன் — ஓலை ஓலையாகத் தெரிந்தது.

அதோடு எழுந்திருக்கலாம். யூடியூபில் ஒருவர் பாடம் எடுக்கிறாரே! கண்ணை உறுத்துவதையெல்லாம் அழியுங்கள், முதலில் கம்பியும் கம்பமும் என்றார். அழித்து, அக்காவுக்கு அனுப்பினேன். சின்ன போனில் அவர் பார்த்தது மலையை. "சூப்பருங் அம்மணி!" என்று சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையிலேயே போன்.

"ஏனுங் அம்மணி, எங்க கம்பத்த எங்கீங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?"

"படம் நல்லா இருக்கட்டும்னுதானுங்க்கா..."

"குரூப்புல படத்தப் பாத்துட்டு இங்க கொழுந்தனாரு தடம் குடுக்க மாட்டேங்கறாருங்க!"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். விவசாய மோட்டாருக்குக் கரண்ட் சர்வீஸ் வாங்குவது லேசான காரியமில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். கிடைத்ததை யாரும் விடமாட்டார்கள். தோட்டத்தில் கம்பம் போய்விட்டதென்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான் — சைட் போடப் போகிறார்கள். வீட்டு மனை!

அக்காவின் கொழுந்தனார் பெயர் நாச்சிமுத்து. மெயின் ரோட்டிலிருந்து தோப்புக்குப் போகும் வண்டித்தடம் அவர் நிலத்தில்தான் போகிறது. தோட்டமாக இருக்கிறவரை தடம் உண்டு, சைட் போட்டால் கிடையாது என்று முதலிலேயே சொன்ன மனுஷர். தடம் இல்லாவிட்டால் தங்க வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? பறந்தா?

நேராக அவருக்கே போன் போட்டேன்.

"அது கம்ப்யூட்டர்ல அழிச்சதுங்க. கம்பம் அங்கயேதான நிக்குது?"

"இன்னைக்கு நிக்குதுங்க. நாளைக்கு? சைட்டுக்காரங்க நோட்டீஸ்ல இப்படித்தான் படம் போடறாங்க. வாசல்ல மாட்டற படத்துலயே கம்பம் இல்லீன்னா நெனப்பு எங்க ஓடுதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

போனை வைத்தேன். கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்த யூடியூப்காரர் மேல். எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு எங்கள் தோட்டத்தில் எது உறுத்தல் என்று அவர் எப்படிச் சொல்லலாம்? நான் ஏன் கேட்டேன்?

"எடிட் பண்ணாம அப்படியே குடுத்துடேன்" என்றார் என் வீட்டுக்காரர். முடியாது. மங்கலான படம்தான் உண்மையான படம் என்று யார் சொன்னது? அது சோம்பேறித்தனம். ஒரிஜினலைத் திறந்தேன். சரிவு, மங்கல், நிழல்... எல்லாம் மறுபடியும். இந்தத் தடவை மோட்டார் ரூமின் வெள்ளைச் சுவரில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பைப்பிலிருந்து தொட்டியில் விழும் தண்ணீர் பளிச்சென்று வந்தது. கம்பத்திலிருந்து கம்பிகள் மலையைப் பார்த்து ஓடின. கண்ணும் அவற்றோடு ஓடியது. இதையா அழித்தேன்?

பிரிண்ட் போடக் கோட்டைமேட்டில் சலீம் கடைக்குப் போனேன்.

"அக்கா, கம்பம் சித்த சாஞ்சு நிக்குதுங்க. நிமித்திப் போடட்டுங்களா?"

"தொட்டுப் பாரு! உன்ற மௌச ஒடிச்சுப்போடுவேன்."

"ஒரு கம்பத்துக்கு இத்தன கோவமுங்களா!"

புதன்கிழமை படத்தோடு தோப்புக்குப் போனேன். நாச்சிமுத்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். கம்பத்தில் விரலை வைத்து, கம்பி வழியாகவே நகர்ந்து மோட்டார் ரூமுக்கு வந்தார். அக்கா காபி டம்ளரோடு அசையாமல் நின்றார். விரல் படத்தின் ஓரத்துக்குப் போய் நின்றது.

"ஏனுங் அம்மணி, இந்தத் தென்ன ஆருதுங்க?"

"உங்களுதுதானுங்க."

"நோவு புடிச்சாப்புல கருகருன்னு இருக்குதே! நங்கை தோப்பு மட்டும் பச்சப்பசேல்னு மின்னுது. தடத்துல வாரவன் மொதல்ல என்ற தோப்பத்தானுங்க பாப்பான்?"

அண்ணன் மனைவியை நங்கை என்று அழைப்பது எங்கள் வழக்கம். 'தடத்துல வாரவன்' என்று அவர் சொன்னதும் அக்கா டம்ளரை நீட்டிவிட்டார்.

அவர் சொன்னது நியாயம்தான். நிஜத்தில் அவர் மரங்களும் பச்சைதான். அந்த மூலையில் நிழலைத் தூக்க நான் மறந்துவிட்டேன். திரும்பக் கோட்டைமேடு, திரும்பப் பிரிண்ட். சலீம் இந்தத் தடவை கம்பத்தின் பக்கம் மௌசையே கொண்டுபோகவில்லை.

படத்தைப் பளபளப்பாக்குங்கள், தாராளமாக. அழிக்கிற பிரஷைக் கையில் எடுக்கும் முன் நிலத்துக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்தத் தடத்தில் வரிசையாகக் கார்கள் வந்தன. கம்பம் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது... தோட்டத்திலும், படத்திலும்!