ஸுபைதா அக்கா வீட்டு ஒஸ்டின்

புருஷன் செத்துப்போனால் பெண்பிள்ளை எதற்கும் தலையாட்டுவாள் என்று நினைக்கிறவர்கள் மாத்தளையில் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பக்கத்து வீட்டு ஸுபைதா அக்காவைத் தெரியாது.

அக்காவின் புருஷன் யாகூப் நானா ஹயர் கார் ஓட்டியவர். பழைய ஒஸ்டின். ரத்தோட்டைக்கும் ரிவர்ஸ்டன் ஏற்றத்துக்கும் போய்வந்த அந்தக் கார்தான் அவர்களுடைய இரண்டு மகள்மாரின் சோறும் பள்ளிக்கூடமும். அறுபத்து மூன்றாம் வருஷம் நெஞ்சுவலியில் நானா மவுத்தானார். அக்கா வெள்ளை உடுத்தி இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அது மார்க்கம். அக்கா அதில் இம்மி பிசகவில்லை.

நானாவின் தம்பி மக்கீனுக்கோ எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். பெட்டரி இறங்கிவிடும், ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன் என்று ஒரு காலையில் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டுக்குள் போனான். கார் இருமியது, படாரென்று வெடித்தது, நின்றது.

"என்ஜின் போயிட்டு மதினி. பிஸ்டன் எல்லாம் தேஞ்சு போச்சு" என்றான், திரைக்கு வெளியே நின்று. "யட்டவத்தயில ஒரு மொதலாளி பழைய இரும்புக்கு எடுக்கிறாரு. வெள்ளிக்கிழம வரச் சொல்லிட்டேன்."

"கராஜுக்குக் காட்டினீங்களா தம்பி?"

"காட்ட என்ன ஈக்கி? நீங்க பொம்புள, உங்களுக்கு என்ன வெளங்கும்?"

அவன் சாவியைத் திரைக்குள் நீட்டிவிட்டுப் போனதும் அக்கா ஷெட்டின் தெருக்கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"சரோஜா, டோர்ச் எடுத்துட்டு வா புள்ள."

நான் போனபோது அஞ்சறைப் பெட்டி காலியாகக் கழுவித் துடைத்து பொனட்டின் பக்கத்தில் இருந்தது. "என்னக்கா, காருக்குக் கறி வைக்கப் போறீங்களா?" என்றேன்.

"பிளக் போட. எந்தப் பிளக் எங்க இருந்து வந்திச்சோ அந்த வரிச மாறக் கூடாது."

நானா வீட்டில் வைத்துத்தான் பிளக் கழற்றித் துடைப்பார். பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தது அக்காவின் கை. பிளக்தான் என்ஜினின் நாக்கு என்பாராம் நானா. முனை அடுப்புக்கரிபோல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது. வறுத்த கொத்தமல்லி நிறமென்றால் என்ஜின் சுகம்.

வயர்களை உருவி அந்தந்த இடத்திலேயே தொங்கவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றினார். நான் டோர்ச் அடித்தேன். நாலும் கொத்தமல்லி நிறம். இரண்டில் பெட்ரோல் ஈரம் மட்டும் இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.

"தேஞ்சு போன என்ஜினோட நாக்கா புள்ள இது?"

துடைத்து, முனை இடைவெளிக்குள் இரும்பறுக்கும் வாளின் அலகை விட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. பிளக்குகளைத் திருப்பி முடுக்கிவிட்டு இரண்டாவது வயரை எடுத்தவர் அப்படியே நின்றார். எல்லா வயர்களிலும் பச்சை நூல் கட்டியிருந்தது. முதல் வயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு என்று இடம் மாறாமலிருக்க நானாவின் காலத்திலேயே அக்கா கட்டியது. இரண்டாவது பிளக்கின் பக்கத்தில் தொங்கிய வயரிலோ மூன்று முடிச்சு. மூன்றாவதில் இரண்டு.

மக்கீன் மாற்றியிருக்கிறான். வயர் இடம் மாறினால் நேரம் தப்பிப் பொறி விழும், நல்ல என்ஜினும் வெடித்து நின்றுவிடும் என்றார் அக்கா. எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போதே தெருவில் போய்க் கத்துகிறேன் என்றேன்.

"சும்மா இரு. வெள்ளிக்கிழம வரட்டும்" என்று வயர்களைச் சரியாக மாட்டினார் அக்கா. வெள்ளைச் சேலையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மக்கீனும் முதலாளியும் காரைக் கட்டி இழுக்கக் கயிறோடு வந்தார்கள். வேடிக்கை பார்க்க அரைத் தெரு கூடியது. நான் உள்ளே அக்காவோடு நின்றேன்.

"கதவத் தெறங்க மதினி."

"தெறக்க மாட்டேன். கார் விக்கிறதுக்கில்ல."

"இத்தாவுல ஈக்கிற பொம்புளக்கி கார் ஷெட்டுல என்ன வேல? ஊரு என்ன பேசும்?"

"இத்தா எனக்குத்தான் தம்பி. காருக்கில்ல."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தார். ஒரே இழுப்பு. ஷெட் அதிர்ந்தது. பலகை இடுக்குகளால் புகை தெருவுக்குப் போனது.

"ஓடுற காரையா இரும்புன்னு சொன்ன?" என்று முதலாளி மக்கீனிடம் கத்தியது உள்ளே எங்களுக்குக் கேட்டது.

அக்கா அதைவிடச் சத்தமாகப் பேசினார். "வயர மாத்தின கையி நூல மாத்தல்ல. ஓதிக் கட்டின நூலுன்னு பயந்துட்டீங்களா தம்பி? அது பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கட்டினதில்ல. நான் எண்ணிக் கட்டினது."

தெருவே சிரித்தது. மக்கீன் தெருமுனை தாண்டும்வரை அக்கா என்ஜினை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஒஸ்டினுக்கு எத்தனையோ டிரைவர்கள் வந்து போனார்கள். பிளக் பார்க்கிற வேலையை மட்டும் அக்கா ஒருவனிடமும் கொடுக்கவில்லை.